கண்ணாடியில் செய்த கடல்

2019 ஆகஸ்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலைகள் நீலமாக மின்னியது பலருக்கும் நினைவிருக்கும். நுண்ணுயிரிகள் செய்த வேலை அது. இதே மாதிரி வெளிச்சத்தை 1853-ல் அட்லாண்டிக் கடலில் பார்த்த ஒருவர், பின்னாளில் கடலையே கண்ணாடியில் செய்து விற்றார். பெயர் லியோபோல்ட் பிளாஷ்கா.

சொந்த ஊர் போஹிமியா, அதாவது இன்றைய செக் குடியரசு. கண்ணாடி நகையும் செயற்கைக் கண்ணும் செய்வது குடும்பத் தொழில். 1850-ல் மனைவி காலராவில் இறந்தார். இரண்டு வருடத்தில் அப்பாவும் போனார். மனசு விட்டுப்போய் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அசோர்ஸ் தீவுகள் அருகே காற்றே இல்லாமல் பாய்மரக் கப்பல் இரண்டு வாரம் நின்றுவிட்டது! அந்த நாட்களில் கடலைப் பார்ப்பதே அவருக்கு வேலை. இருட்டில் ஒளிர்ந்த உயிரினங்கள், நட்சத்திரங்கள் தண்ணீரில் பிரதிபலிப்பது போலத் தெரிந்தனவாம். ஜெல்லி மீன்களைப் பார்த்து வரைந்தும் வைத்தார்.

அந்தப் படங்களுக்கு உடனே வேலை வரவில்லை. பத்து வருடம் கழித்து, 1863-ல், ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியக இயக்குநர் ரைஷன்பாக் கடல் சாமந்தி மாதிரிகள் செய்து தரக் கேட்டார். (பூ போல விரியும் கடல் உயிரினம்தான் இது.) புலி, மான் என்றால் தோலைப் பாடம் செய்து நிறுத்திவிடலாம். எலும்பே இல்லாத பிராணியை என்ன செய்வது? ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்ச் சுருங்கிவிடும். ஸ்கூல் லேபில் அந்த வெளுத்த பாட்டில்களைப் பார்க்காதவர் உண்டா? கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை.

வீடுதான் பட்டறை. மிதி துருத்தியால் சுடரை ஊதி, கண்ணாடியை இளக்கி, இடுக்கியால் இழுத்து வடிவம் கொடுப்பார். அப்புறம் பசை, கம்பி, வர்ணம். முதலில் புத்தகப் படங்களைப் பார்த்துச் செய்தார். பிறகு தொட்டியில் உயிரோடு வளர்த்தே பார்த்துச் செய்தார். 1876-ல் மகன் ருடால்ஃப் சேர்ந்துகொண்டார். கேட்லாக் போட்டு உலகமெங்கும் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விற்றார்கள். மொத்தம் சுமார் 10,000 உருப்படிகள். காமர்ஸ் பாடத்தில் வரும் மெயில் ஆர்டர் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

நிறுத்தியதும் வியாபாரம்தான். 1890-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பத்து வருட ஒப்பந்தம் போட்டது. வருடத்துக்கு 8,800 மார்க். வேறு யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது. கேட்டது கண்ணாடிப் பூக்களும் செடிகளும். நிலையான வருமானத்தை யார் விடுவார்கள்? அத்தோடு ஜெல்லி மீன் செய்வது நின்றது. ஹார்வர்டின் பூக்கள் அழகுதான், உலகப் புகழும் பெற்றன. ஆனால் தண்ணீரும் கண்ணாடியும் பொருந்தும் அளவுக்கு இலையும் கண்ணாடியும் பொருந்துவதில்லை.

ஏதோ ரகசிய இயந்திரம் வைத்திருப்பதாக ஊரில் பேச்சு. அப்படி ஒன்றுமில்லை, கண்ணாடிமேல் ஆசைகொண்ட கொள்ளுத்தாத்தா ஒருவர் வேண்டும் என்றாராம் லியோபோல்ட். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1895-ல் அவர் இறந்தார். ருடால்ஃப் 1936 வரை தனியாகவே செய்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, சீடரும் இல்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885-ல் 500-க்கும் மேல் வாங்கியிருந்தது. நாளடைவில் அவை கிடங்குக்குப் போய்த் தூசி படிந்தன. அங்கே பணியாற்றிய கடல் உயிரியலாளர் டிரூ ஹார்வெல் அவற்றைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அதே உயிரினங்கள் இன்னும் கடலில் இருக்கின்றனவா என்று தேடி, 2016-ல் புத்தகமாகவே எழுதினார்.