கொம்பு என்று ஏன் பெயர்?

சாமி புறப்பாட்டுக்கு முன்னால், வளைந்த பித்தளைக் கருவி ஒன்றை வானத்தை நோக்கித் தூக்கி ஊதுவார்களே, அதுதான் கொம்பு. திண்டுக்கல் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பித்தளையில் செய்ததற்கு மாட்டின் தலையில் இருப்பதன் பெயர் எப்படி வந்தது?

ஆதியில் ஊதியது நிஜக் கொம்பைத்தான். நுனியை அறுத்துத் துளையிட்டு ஊதினால் ஓசை பிறக்கும். பிறகு உலோகத்தில் செய்யத் தொடங்கினார்கள். பொருள் மாறியது, வளைவும் பெயரும் மாறவில்லை. சங்க நூலான மலைபடுகடாம், கூத்தர்கள் சுமந்து செல்லும் கருவிகளில் மயிற்பீலி கட்டிய 'கோடு' ஒன்றைச் சொல்கிறது. கோடு என்றாலும் கொம்புதான்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்கள் வேட்டையில் ஊதும் வளைந்த பித்தளைக் குழலுக்குக் 'கோர்' என்று பெயர். லத்தீனில் 'கோர்னு' என்றால் விலங்கின் கொம்பு. அதிலிருந்து வந்த சொல் அது. பேண்டு வாத்தியத்தில் உள்ள 'கார்னெட்' என்பதற்குச் 'சின்னக் கொம்பு' என்றே பொருள். ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. அப்படிப் பார்த்தால் நம் டவுன் பஸ் அடிக்கும் ஹாரனும் கொம்புதான்! மொழிகள் வேறு, மனிதன் பெயர் வைத்த விதம் ஒன்று.

கொம்பில் நாகசுரத்தைப் போல விரல் துளைகள் இல்லை. துண்டு துண்டாகச் செய்து பொருத்துவார்கள். பிறை போலவும் இருக்கும். ஒரு பாதியைத் திருப்பிச் செருகினால் பாம்பு போல நெளியும். உதட்டின் இறுக்கமும் மூச்சின் விசையும்தான் சுரத்தை மாற்றும். ராகம் விரித்து வாசிக்க ஏற்றதல்ல. தூரத்தில் இருப்பவருக்குச் சேதி சொல்ல ஏற்றது. அதனால்தான் போருக்கும் ஊர்வலத்துக்கும் அது முன்னால் நடந்தது.

இதன் உறவுக்காரர் எக்காளம். நீண்டு நேராக இருப்பது. நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்கள் அந்தப் பெயரைத் தமிழ் விவிலியத்தில் வாசித்திருப்பார்கள். மற்றவர்கள் "என்ன எக்காளம் பார்!" என்று பேச்சில் மட்டும் வைத்திருக்கிறோம். கருவியைக் கண்டவர்கள் எத்தனை பேர்?

கொம்புக்கும் அந்தக் கதி வரக்கூடாது. திருவிழாவில் கொம்பு ஊதுபவரைக் கண்டால் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஊதியவர் கையில் நாலு காசும் கொடுங்கள். ஊத ஆளில்லாமல் போனால் சொல் மிஞ்சும், சத்தம் மிஞ்சாது.