மணவிலக்கில் தனித்தனி வழக்கறிஞர்

மணவிலக்குக் கோரும் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வழக்கறிஞரை அமர்த்தியே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. வழக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே இத்தேவை அமைகிறது.

சென்னை மாகாணம் 1949-இல் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கு வழிவிடும் சட்டத்தை இயற்றியது. பம்பாய் மாகாணம் 1947-லேயே மணவிலக்குச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இவ்விரண்டையும் நீக்கி இந்துக்களுக்குப் பொது விதி வகுத்தது. ஆனாலும் ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டி மெய்ப்பிக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அத்தகைய வழக்கில் இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனமொத்த மணவிலக்குக்கு இடமிருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 13பி பிரிவைச் சேர்த்து அவ்வழியை இந்துக்களுக்கும் திறந்தது. கூட்டு மனுவில் எதிர்மனுதாரர் கிடையாது. முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என இருவருமே மனுதாரர்கள். ஒரே வழக்கறிஞருக்கு இருவரும் வக்காலத்து தருவது இதனால்தான் இயல்வதாயிற்று.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. நீதிமன்றம் தேவை என்று கருதினால் சட்ட வல்லுநர் ஒருவரைத் தன் உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். குடும்பச் சச்சரவைச் சொத்து வழக்குபோல நடத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த விதி இது. நடைமுறையில் நீதிமன்ற அனுமதியுடன் வழக்கறிஞர்கள் முன்னிலையாகிறார்கள்.

ஒரே வழக்கறிஞர் போதும் என்பவர்கள் செலவையும் மனக்கசப்பையும் காரணமாகக் காட்டுவர். குழந்தை இல்லாமல், இருவருக்கும் வருமானம் இருந்து, பிரிக்கச் சொத்தும் இல்லாதபோது அது பொருந்தும். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, சீர் நகை, வீட்டுக் கடன் என்று வந்துவிட்டால் இருவர் நலனும் ஒன்றாக இருக்க முடியாது. கணவர் வீட்டார் பேசி முடித்த வழக்கறிஞர் நீட்டும் தாளில் மனைவி கையெழுத்திடுவதைச் சம்மதம் என்று கொள்வது தவறு. தீர்ப்பு வரும்வரை சம்மதம் நீடிக்க வேண்டும், இடையில் ஒருவர் விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. அப்படி ஒருவர் விலகினால் பொது வழக்கறிஞர் மற்றவருக்காக வழக்காட முடியாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு நிற்பதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன.



தனி வழக்கறிஞரை அமர்த்தத் தனக்கெனப் போதிய வருமானம் இல்லாதவர், கணவனோ மனைவியோ, இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்கீழ் மற்றவரிடமிருந்து வழக்குச் செலவைக் கேட்டுப் பெறலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். தமிழ்நாட்டில் இதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.