பொம்மை ரயில் இன்ஜினுக்கு வந்த பிறவி நோய்

1/ லண்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் போன வாரம் வீடியோ காலில் வந்தான். அவன் வீட்டு ஓனர், 80 வயதைத் தாண்டியவர், ஒரு பழைய பொம்மை ரயில் இன்ஜினைக் கொடுத்து "ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கார். இறந்துபோன அண்ணனோட பொம்மை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வாங்கினது.

2/ சக்கரம் சுத்தலை. எண்ணெய் காஞ்சு இறுகியிருக்கும்னு நினைச்சு நண்பன் அழுத்தித் திருப்பினான். சக்கரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கிடுச்சு. "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

வயசைக் கேட்காம வைத்தியம் பார்த்ததுதான் தப்பு. இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்கு.

3/ 1920, 30களில் பொம்மை செய்பவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம் கிடைத்தது: துத்தநாகக் கலவை. குறைந்த சூட்டில் உருகும், அச்சில் ஊற்றினால் நுணுக்கமான வடிவமும் அப்படியே வரும். ஆனால் சில வருஷங்களில் சில பொம்மைகள் தானாகவே வீங்கி வெடிக்க ஆரம்பித்தன. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, எங்கேயும் இதே கதைதான்.

4/ காரணம் ஈயம். துத்தநாகத்தில் துளியூண்டு கலந்தாலே போதும். உலோகம் இறுகும்போது அந்த ஈயம் படிகங்களின் இடுக்கில் போய் உட்காரும். காற்றின் ஈரம் அந்த இடுக்கு வழியாகவே அரிக்கும். அரிப்பில் உருவாகும் பொருளுக்கு அதிக இடம் வேண்டும். அதனால்தான் வீக்கம், விரிசல்.

5/ ஈயம் எப்படி உள்ளே வந்தது? லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனியை எடுத்துக்கோங்க. அவர்களுடைய முதல் குட்டிக் கார்கள் ஈயத்தில் வார்த்தவை. அப்புறம்தான் துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். ஈயமும் துத்தநாகமும் புழங்கும் பட்டறையில் கலப்படம் வர ரொம்ப நேரம் ஆகாது.

6/ மருந்து கண்டுபிடித்தார்களா? இல்லை, தடுப்பு முறை! 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 'ஜமாக்' கலவையைக் கொண்டு வந்தது. அடிப்படை விதி ஒன்றுதான்: துத்தநாகம் 99.99% சுத்தமாக இருக்கணும். விதி தெரிந்தும் எல்லாப் பட்டறையும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

7/ அதனால் முதலில் வயசைக் கண்டுபிடிங்க. உதாரணம்: 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோவின் 'சர் நைஜல் கிரெஸ்லி'. 4498 என்ற எண் இருந்தால் போருக்கு முந்தையது. நிஜ இன்ஜினுக்கு 1946-ல் எண் மாறியது. போருக்குப் பிந்தைய பொம்மையில் வெறும் 7. பெட்டியோடு இணைக்கும் கொக்கியின் வடிவமும் மாறியிருக்கும்.

8/ அடுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்க.
▪️ முடி போன்ற விரிசல், பெயின்ட் உப்பல், வளைந்த அடிச்சட்டம்: துத்தநாக நோய். அழுத்தாதீங்க, மின்சாரமும் கொடுக்காதீங்க.
▪️ பிசுபிசுப்பு மட்டும்: காய்ந்த எண்ணெய். துடைத்தால் போதும்.
▪️ சும்மா வேகமாகச் சுற்றும், பெட்டியை இழுக்காது, சீக்கிரம் சூடாகும்: காந்தம் பலவீனம். மறுபடி காந்தமேற்றலாம்.

9/ ஒரு பயம் வேண்டாம். "பக்கத்து இன்ஜினுக்கும் பரவும்"னு சிலர் தனியாக எடுத்து வைப்பாங்க. இது தொற்று நோய் இல்லை, பிறவி நோய். கலப்படம் இல்லாமல் பிறந்த இன்ஜின் இன்னைக்கும் ஓடும். ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வைத்தால் நோய் மெதுவாகும், குணமாகாது.

டாக்டரா ஒண்ணு: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க. தொட்டால் கை கழுவுங்க.

10/ நண்பன் ஓனரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். உடம்புப் பகுதி நல்லாத்தான் இருக்கு. புதுசா வார்த்த சக்கரம் போடப் போறாங்க. உடைந்த துண்டுகளை மட்டும் பெரியவர் ஒரு டப்பாவில் போட்டு வாங்கிக்கிட்டாராம். "அண்ணன் கை பட்டது இதுதானே" என்றாராம்.

நோயாளியோ பொம்மையோ, முதலில் வரலாறு கேளுங்க. அப்புறம் கை வைங்க. 🙏