ஜாஸ் (திரைப்படம்)

ஜாஸ் 1975 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள் வெளிவந்த அமெரிக்கத் திகில் திரைப்படமாகும். பீட்டர் பெஞ்ச்லி எழுதி 1974 ஆம் ஆண்டு வெளியான இதே பெயருடைய புதினத்தைத் தழுவி ஸ்டீவன் ஸ்பில்பேர்க் இதனை இயக்கினார். ராய் ஷைடர், ராபர்ட் ஷா, ரிச்சர்ட் டிரைபஸ் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்துள்ளனர். தலைப்பின் பொருள் தாடைகள் என்பதாகும். மனிதரைக் கொல்லும் சுறாவைப் பற்றிய இப்படத்தில், முதல் ஒரு மணிநேரத்திற்கும் மேலாக அச்சுறா தெளிவாகக் காட்டப்படுவதில்லை. இப்படத்தின் கலைத்திறனுக்கு இதுவே அடிப்படையாகும்.

கதைச் சுருக்கம்

அமிட்டி என்னும் கற்பனைத் தீவில் இரவில் கடலில் நீந்திய பெண்ணொருத்தி சுறாவால் கொல்லப்படுகிறாள். காவல்துறைத் தலைவர் பிரோடி கடற்கரையை மூட முயல்கிறார். கோடைகால வருமானம் கெட்டுவிடும் என்று அஞ்சும் நகரத்தந்தை அதற்கு இணங்க மறுக்கிறார். அதன் விளைவாக ஒரு சிறுவன் உட்பட மேலும் சிலர் உயிரிழக்கின்றனர். பின்னர் பிரோடி, கடலாய்வாளர் ஹூப்பர், சுறா வேட்டைக்காரர் குவின்ட் ஆகிய மூவரும் ஒரு சிறு படகில் சுறாவைத் தேடிச் செல்கின்றனர். குவின்ட் சுறாவுக்கு இரையாகிறார். மூழ்கும் படகிலிருந்து பிரோடி, சுறாவின் வாயில் சிக்கிய காற்று உருளையைச் சுட்டு அதனைக் கொல்கிறார்.

தயாரிப்பு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் 1974 ஆம் ஆண்டு மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியது. 55 நாட்களில் முடிக்கத் திட்டமிடப்பட்டிருந்த படப்பிடிப்பு 159 நாட்கள் நீடித்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் மூன்று இயந்திரச் சுறாக்கள் இதற்கெனச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று முழு உருவம் உடையது. மற்ற இரண்டும் ஒரு பக்கம் மட்டும் தோல் மூடி, மறுபக்கம் குழாய்கள் வெளியே தெரியும்படி அமைந்தவை. கடலின் உப்புநீரில் இவை அடிக்கடி பழுதடைந்தன. எனவே சுறாவைக் காட்டாமலே அதன் இருப்பை உணர்த்தும் வழிகளை ஸ்பில்பேர்க் நாடினார்.

காட்சியமைப்பு

முதல் தாக்குதலில் சுறா காட்டப்படுவதே இல்லை. நீரில் இங்குமங்கும் இழுக்கப்படும் பெண்ணின் உடல் மட்டுமே தெரிகிறது. மற்றொரு காட்சியில் சுறா இழுத்துச் சென்ற உடைந்த மரத்துறை, திடீரெனத் திரும்பிக் கரையை நோக்கி வருகிறது. பிற்பகுதியில் சுறாவின் உடலில் பிணைக்கப்பட்ட மஞ்சள் பீப்பாய்கள் அது செல்லும் இடத்தைக் காட்டுகின்றன. அப்பீப்பாய்கள் நீருள் அமிழும்போது அதன் வலிமை புலப்படுகிறது. படத்தொகுப்பாளர் வெர்னா பீல்ட்ஸ் இக்காட்சிகளைச் செறிவாகத் தொகுத்துள்ளார்.

இசை

ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தார். மாறிமாறி ஒலிக்கும் இரண்டே சுரங்கள் சுறாவின் அடையாளமாக அமைந்தன. அவற்றின் வேகம் கூடுவது சுறா நெருங்குவதைக் குறிக்கும். சிறுவர் இருவர் போலித் துடுப்பைக் கட்டி மக்களை அச்சுறுத்தும் காட்சியில் இவ்விசை ஒலிப்பதில்லை. ஆகவே, இசை இல்லையெனில் ஆபத்தும் இல்லை என்று பார்வையாளர் நம்பத் தொடங்குகின்றனர். பின்னர் பிரோடி கடலில் இரை வீசும்போது, முன்னறிவிக்கும் இசை ஏதுமின்றிச் சுறா தலைதூக்குகிறது. படத்தின் மிகப்பெரிய அதிர்ச்சிகளுள் ஒன்று இவ்வாறு உருவாகிறது.

வரவேற்பும் விருதுகளும்

பெருமளவிலான தொலைக்காட்சி விளம்பரங்களுடன் 400க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே நாளில் படம் வெளியிடப்பட்டது. கோடைகாலத்தில் பெரும் பொருட்செலவுப் படங்களை வெளியிடும் ஆலிவுட் வழக்கம் இதன் வெற்றிக்குப் பின்னரே வலுப்பெற்றது. 1977 இல் ஸ்டார் வோர்ஸ் வெளிவரும் வரை இதுவே மிகுந்த வசூல் ஈட்டிய படமாக விளங்கியது. படத்தொகுப்பு, இசை, ஒலி ஆகியவற்றிற்காக மூன்று ஆசுக்கார் விருதுகளைப் பெற்றது. 2001 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டு நிறைவையொட்டி 2025 இல் மீண்டும் திரையிடப்பட்டது.

தாக்கம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீது இப்படம் எழுப்பிய அச்சம் உண்மையான சுறாக்களையும் பாதித்தது. சுறாக்கள் மனிதரை வேண்டுமென்றே தேடித் தாக்குபவை என்ற தவறான எண்ணம் பரவியது. பெஞ்ச்லி தம் பிற்காலத்தில் சுறாக்களின் பாதுகாப்புக்காக எழுதியும் பேசியும் வந்தார். அவர் 2006 இல் காலமானார். சுறாக்களின் எண்ணிக்கை குறைந்ததில் தம் படத்திற்குப் பங்கிருக்கக்கூடும் என 2022 இல் ஸ்பில்பேர்க் வருத்தம் தெரிவித்தார்.