பார்க்கிங்கில் பொலிஸ் கேட்காமல் விட்டது

டாகன்ஹாமிலிருந்து ஈஸ்ட்ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் போனால் இடையில் பார்க்கிங் வரும். கார் விடும் பார்க்கிங் இல்லை, ஊரின் பெயரே அதுதான். அங்கே ஒரு பழைய கன்னியர் மடத்தின் இடிபாடும், பக்கத்தில் சென் மார்கரெட் தேவாலயமும் இருக்கின்றன. கடலோடி ஜேம்ஸ் குக் 1762இல் கலியாணம் கட்டியது அந்தத் தேவாலயத்தில்தான். ஆனால் நான் எழுத வந்தது 2014இல் அங்கே நடந்ததைப் பற்றி.

அந்த ஆண்டு ஜூனில் அன்ரனி வோல்கேட் என்ற 23 வயது மாணவர் ஒரு குடியிருப்பு வாசலில் இறந்து கிடந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஸ்டீபன் போர்ட். வழியில் போனபோது கண்டதாக அவன் சொன்னது பொய். அன்ரனி அன்று யாரைச் சந்திக்கப் போகிறார் என்பது நண்பர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் பொலிஸிடம் சொன்னார்கள். பொலிஸ் போர்ட்டின் கணினியைக் கைப்பற்றியது, ஆனால் ஒழுங்காக ஆராயவில்லை.

ஆகஸ்ட்டில் கேப்ரியல் கோவாரி, வயது 22, தேவாலயக் கல்லறை நிலத்தில் இறந்து கிடந்தார். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் டேனியல் விட்வொர்த், வயது 21. இரண்டு உடல்களையும் கண்டது நாயோடு நடக்க வந்த ஒரே பெண்தான்! டேனியலின் கையில் ஒரு தற்கொலைக் கடிதம் இருந்தது. அதை எழுதியது போர்ட். பொலிஸ் அந்தக் கடிதத்தை நம்பிவிட்டது.

முதல் மரணத்தில் சொன்ன பொய்க்காகப் போர்ட் 2015 மார்ச்சில் சிறைக்குப் போய் ஜூனில் வெளியே வந்தான். செப்டம்பரில் ஜாக் டெய்லர், வயது 25, இறந்தார். அவருடைய சகோதரிகள் விடவில்லை. முன்னைய மரணங்களோடு இதற்குத் தொடர்பில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜாக் ஒருவனோடு நடந்து போகும் கமராப் படம் வெளியான பிறகு, அக்டோபரில் போர்ட் கைதானான். 2016இல் ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

இறந்த நால்வரும் ஓரினச்சேர்க்கையாளர்கள். அதனால்தான் பொலிஸ் அக்கறை காட்டவில்லை என்று குடும்பங்கள் சொல்கின்றன. பொலிஸ் அதை மறுத்தது. 2021 டிசம்பரில் பார்க்கிங் நகர மண்டபத்தில் நடந்த மரண விசாரணையில், பின்னைய மூன்று மரணங்களுக்குப் பொலிஸின் தவறுகளும் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். பாரபட்சம் இருந்ததா என்ற கேள்வி அவர்களிடம் விடப்படவில்லை. ஆனால் 2023இல் வந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, லண்டன் பெருநகரப் பொலிஸில் இனவாதமும் பெண் வெறுப்பும் ஓரினச்சேர்க்கையாளர் மீதான வெறுப்பும் நிறுவன அளவில் இருப்பதாகவே சொல்லிற்று. ஸ்டீபன் லோரன்ஸ் கொலை பற்றிய மெக்பேர்சன் அறிக்கை இனவாதத்தைப் பற்றி இதையே 1999இல் சொல்லியிருந்தது.

நம்பிக்கையை வளர்ப்பது பற்றிப் பொலிஸார் பேசும்போது பெரும்பாலும் "நீங்கள் முன்வந்து சொல்லுங்கள்" என்பார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது ஏன் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 அளவிலான நூல்களோடு எரிந்தது. எரித்தவர்களில் பொலிஸாரும் இருந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குப் பொலிஸ் ஸ்டேஷன் முறைப்பாடு செய்யும் இடமாகத் தெரியாது. என் அம்மம்மா இன்றைக்கும் பொலிஸ் காரைக் கண்டால் குரலைக் குறைத்துக் கதைப்பார்.

ஆனால் பார்க்கிங்கில் ஆட்கள் முன்வந்தார்கள். நண்பர்கள் சொன்னார்கள், சகோதரிகள் கேட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தடங்கல் கேட்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசும் ஒரு தமிழ் அம்மா அந்த இடத்தில் இருந்திருந்தால்? எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது பொலிஸோடு கதைக்க வேண்டி வந்தால், பெரும்பாலும் நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அதிகாரியின் பெயரையும் தோள் இலக்கத்தையும் எழுதிவையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. பொலிஸ் மீதான முறைப்பாடுகளைப் பார்க்கத் தனியான சுயாதீன அமைப்பு ஒன்று இருக்கிறது. மரண விசாரணையின் பிறகு, 2022இல், பார்க்கிங் அதிகாரிகளைப் பற்றிய விசாரணையை அது திரும்பத் திறந்தது. அப்போது அன்ரனி இறந்து எட்டு ஆண்டுகள்.