ஏணி கற்பித்த பாடம்

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒரு நாள் கரும்பலகையில் கணக்கொன்று எழுதினேன். வழுவழுப்பான சுவரில் 5 மீட்டர் நீளமுள்ள சீரான ஏணி சாய்ந்து நிற்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தொலைவில். நுனி 4 மீட்டர் உயரத்தில். எடை 200 நியூட்டன். தரையின் உராய்வுக் குணகம் 0.5. உராய்வு எவ்வளவு?

எடையைக் குணகத்தால் பெருக்கி, 100 நியூட்டன் என்று நானே விடையும் எழுதினேன்.

ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, அப்படியாயின் சுவரும் 100 நியூட்டன் தள்ளவேண்டும். அடியைப் பொறுத்து அதன் திருப்புத்திறன் 400; எடையின் திருப்புத்திறனோ 300தான். ஏணி சுவரை விட்டு நிமிர்ந்துவிடுமே!” என்றான். நான் வாயடைத்து நின்றேன்.

திருப்புத்திறன்களின் சமநிலை மிகப் பழைய அறிவு, கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலின் விதியை நிறுவினார். உராய்வின் விதியோ நெடுங்காலம் காத்திருந்தது. உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அமோந்தோன் அறிவித்தார். பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் இதனை விரிவாகச் சோதித்து, 1781-இல் அக்கழகத்தின் பரிசைப் பெற்றார். நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை வேறு, நகரும் பொருளின் உராய்வு வேறு என அவர் பிரித்து அளந்தார்.

என் பிழை அங்கேதான் விளங்கியது. 100 என்பது தரை தரக்கூடிய எல்லை. தந்தே தீரவேண்டிய அளவன்று. ஏணி கேட்பது 300-ஐ 4-ஆல் வகுத்த 75 நியூட்டன் மட்டுமே. கேட்ட அளவே தருவது உராய்வின் இயல்பு.

மாணவர்களே, நான் விதியை மனப்பாடம் செய்திருந்தேன். அவன் அதன் எல்லையைக் கேட்டான். அன்று ஆசிரியன் அவனே.