மெலிந்த புல்லும் கொழுத்த கிளியும்

ஒரு நாட்டுக்கு வரக்கூடிய கேடுகள் எவையெவை என்று பரிமேலழகர் குறளுக்கு உரை எழுதும்போது கணக்கெடுத்திருக்கிறார். மிதமிஞ்சிய மழை, மழையே இல்லாமை, எலி, விட்டில், கிளி, அரசர்கள் அருகில் இருப்பது என்று மொத்தம் ஆறு. இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டாகும். ராஜாவைக் கொண்டுபோய் எலிக்கும் விட்டிலுக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாரே மனிதர்!

விட்டில் என்றதும் இன்று நமக்கு விளக்கில் விழுந்து சாகும் பூச்சிதான் ஞாபகத்துக்கு வருகிறது. உரைகாரர் சொன்னது அந்த ஏழையை அல்ல. வயலை மொட்டையடித்துவிட்டுப் போகும் வெட்டுக்கிளியை. அரசன் படை திரட்டினால் எதற்குத் திரட்டுகிறான் என்பது ஊருக்குத் தெரியும். விட்டில் படையைத் திரட்டுவது யார்? நேற்றுவரை புல்லில் தத்திக் கொண்டிருந்த பூச்சி, இன்று கோடிக்கணக்கில் கூடி, தேசம் விட்டுத் தேசம் ஏன் புறப்படுகிறது? இதற்கு நெடுங்காலம் ஒரே பதில்தான் இருந்தது: தெய்வ குற்றம்.

அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்களிடம் கேட்ட கதைகள் உண்டல்லவா? 1876-இல் தொடங்கிய அந்தப் பஞ்சம் லட்சக்கணக்கான பேரை வாரிக்கொண்டு போயிற்று. மாடுகள் மடிந்தன. தப்பியவர்கள் மழையைக் கண்டு மறுபடி விதைத்தார்கள். 1878-இல் சென்னை மாகாணத்தில் வெட்டுக்கிளி வந்து இறங்கியது. பஞ்சம் தின்றது போக மிச்சத்தைத் தின்ன வந்த பூச்சியை யமனுடைய தம்பி என்று எண்ணாமல் வேறென்ன எண்ணுவார்கள்?

பம்பாய் வெட்டுக்கிளி என்று ஓர் இனம் உண்டு. 1901 முதல் 1908 வரை மேற்கு இந்தியாவை அது அலைக்கழித்தது. சர்க்காரின் பூச்சியியல் நிபுணராக இருந்த மாக்ஸ்வெல் லெப்ராய் அதைப் பற்றி 1906-இல் ஒரு நூலே எழுதினார். மழைக்காலத்தில் புல்வெளியில் முட்டை, குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாசம் என்று அதன் ஜாதகத்தைக் கணித்தவர் அவர். பாவம், 1925-இல் லண்டனில் பூச்சிகளைக் கொல்லும் விஷவாயுவைப் பரிசோதனை செய்து கொண்டிருந்தபோது அந்த வாயுவுக்கே பலியானார்.

இருந்தாலும் படை திரளும் ரகசியம் அவர் கையில் அகப்படவில்லை. அதை அவிழ்த்தவர் போரிஸ் உவாரோவ் என்ற ரஷ்யர். காக்கஸஸ் பிரதேசத்தில் பூச்சிகளோடு மன்றாடிவிட்டு லண்டனுக்குக் குடியேறியவர். தனியாகத் திரியும் பச்சை நிறத் தத்துக்கிளி ஒரு ஜாதி, கூட்டமாகப் பறக்கும் கறுத்த வெட்டுக்கிளி வேறொரு ஜாதி என்று அதுவரை பண்டிதர்கள் இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றேதான் என்று 1921-இல் உவாரோவ் எழுதினார். நெருக்கம் நேர்ந்தால் அதன் நிறம் மாறும், நடத்தை மாறும், நாளடைவில் உடலமைப்பே மாறும். தனியே சாதுவாக இருப்பவன் கூட்டத்தில் சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுவதை நாம் தேர்த் திருவிழாவிலும் தேர்தலிலும் பார்த்ததில்லையா?

பின்னால் 2001-இல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் பாலைவன வெட்டுக்கிளியின் பின்னந்தொடையைத் தூரிகையால் திரும்பத் திரும்ப வருடிப் பார்த்தார்கள். சில மணி நேரத்துக்குள் அந்தத் தனியன் கூட்டத்தை நாட ஆரம்பித்துவிட்டதாம்! உள்ளே வேலை செய்வது செரோடோனின் என்ற ரசாயனம் என்று 2009-இல் தெரிந்தது. நம்முடைய மனநிலையோடு சம்பந்தப்பட்ட அதே சரக்குதான்.

ஆனால், ஒன்றன் தொடை மற்றொன்றன்மேல் உரசும்படி அவை ஏன் நெருங்க வேண்டும்? அதற்கு விடை பூச்சியின் தொடையில் இல்லை, தரையில் இருக்கிறது. புல் எங்கும் பரந்து கிடந்தால் பூச்சியும் பரந்து மேயும். புல் திட்டுத்திட்டாகச் சுருங்கினால் எல்லாம் அந்தத் திட்டுக்களில் வந்து மொய்க்கும். பந்தி நிறைய இலை போட்டால் விருந்தாளிகள் விலகி உட்காருவார்கள். நாலே இலை போட்டால் இடித்துக்கொள்ளத்தானே செய்வார்கள்?

புல் எப்படிச் சுருங்குகிறது என்பதைப் புத்தகத்தில் படித்ததைவிடப் பச்சைமலையில் பார்த்தபோது எனக்கு நன்றாகப் புரிந்தது. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, துறையூரைத் தாண்டி, கொல்லிமலைக்குக் கிழக்கே இருக்கிறது அந்த மலை. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிர் செய்யும் மலையாளிகள் அங்கே வாழ்கிறார்கள். ஊரை ஒட்டிய சரிவு ஒன்றில் மண் அரித்து, கல் தெரிய, கம்பி போன்ற புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. சற்றுத் தள்ளி, காட்டு இலாகாவின் எல்லைக்கு அப்பால், புல் இடுப்பளவு. ஆடுகளோடு நின்ற கிழவரிடம், “ஏன் பெரியவரே, இந்த மொட்டைச் சரிவிலேயே மேய்க்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எங்க பாட்டன் காலத்துலே ஆடு ஒரு எடத்துலே நிக்காது சாமி. நடந்துகிட்டே இருக்கும். புல்லும் பின்னாலே தழைஞ்சுக்கும். இப்போ அங்கிட்டுப் போனா அபராதம். ஆடு நல்ல புல்லை மொதல்லே தின்னுப்புடும். அது வேணாம்னு விட்டதுதான் இங்கே நிக்குது” என்றார் அவர்.

சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் பிறந்தது 1882-இல். காட்டைக் காப்பாற்ற அது அவசியமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் காட்டுக்கு வேலி போட்டபோது, வேலிக்கு வெளியே மிஞ்சிய துண்டு நிலத்தில் எத்தனை வாய் மேயும் என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. பிறகு எல்லாப் பழியும் ஆட்டின் தலையில் விழுந்தது.

பச்சைமலைத் தத்துக்கிளிகள் சாதுக்கள். நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கிழவர் காட்டிய அதே மாதிரி மொட்டைச் சரிவு, பல்லாயிரம் மடங்கு பெரிதாக, சீனாவின் வடக்கே உள் மங்கோலியாவில் இருக்கிறது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மந்தையோடு நடந்த ஜனங்களை அங்கே ஓரிடத்தில் குடியமர்த்தினார்கள். 1980-க்குப் பிறகு புல்வெளியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கம்பி வேலிகள் எழுந்தன. மந்தையும் பெருகிற்று. அரியான் சீஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் புல்வெளியில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு, விவசாயிகளின் பொது அறிவுக்கே சவால் விட்டது.

நல்ல உரம் பெற்ற, தழைச்சத்து மிகுந்த புல்லைத்தான் பூச்சி விரும்பும் என்று நாம் நினைப்போம். அந்த ஊர் வெட்டுக்கிளி அப்படியில்லை. தழைச்சத்து மிகுந்த புல்லைக் கொடுத்தால் அது சிறுத்துப் போயிற்று; செத்தும் போயிற்று. புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த புல்லையே தேடித் தின்று கொழுத்தது. மந்தைகள் அதிகமாக மேய்ந்து, மண் அரித்து, சத்து இழந்த நிலத்தில்தான் அப்படிப்பட்ட புல் வளர்ந்தது. கிளியும் அங்கேதான் அதிகம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே படுகிறது. நெடுந்தூரம் பறக்கிறவனுக்குக் கொழுப்புத்தானே கட்டுச்சோறு? மாவுச்சத்துத்தான் உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது.

ஆக, விட்டில் படைக்கு யார் ரேஷன் அளக்கிறார்கள் என்பது ஒருவாறு தெரிந்துவிட்டது. மேய்ப்பவனைக் குற்றம் சொல்வது சுலபம். என் அபிப்பிராயம் வேறு. ஆடு மேய்வதால் மட்டும் புல் சாவதில்லை. நகராமல் மேய்வதால் சாகிறது. அதை நகரவிடாமல் செய்தவர்கள் ஆட்டுக்காரர்கள் அல்ல.

கால்நடை பெருகினால் கிளியும் பெருகும் என்று இதைச் சூத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவின் ராக்கி மலை வெட்டுக்கிளி அதற்குச் சாட்சி. 1875-இல் அங்கே கிளம்பிய ஒரு கூட்டத்தை 1,800 மைல் நீளம், 110 மைல் அகலம் என்று மதிப்பிட்டார்கள். கற்பனைக்கே மூச்சு முட்டுகிறது! ஆனால் அந்தக் கிளியை உயிரோடு கடைசியாகக் கண்டது 1902-இல். மருந்து தெளித்து யாரும் அதை ஒழிக்கவில்லை. படை கலைந்த வருஷங்களில் அது ஒதுங்கி வாழ்ந்த இடங்கள் மலையடிவார ஆற்றுப் பள்ளத்தாக்குகள். புதிதாகக் குடியேறியவர்கள் அங்கேதான் ஏர் பூட்டினார்கள், நீர் பாய்ச்சினார்கள், மாட்டு மந்தைகளை விட்டார்கள். முட்டையிட்ட மண் புரண்டு போயிற்று என்று ஜெப்ரி லாக்வுட் என்ற பூச்சியியலார் விளக்குகிறார். மங்கோலியாவில் கிளியை வளர்த்த அதே குளம்பு, இங்கே ஏரோடு சேர்ந்து அதன் வம்சத்தையே மிதித்துவிட்டது.

அந்தக் கிளியை இன்று பார்க்க வேண்டுமானால் கண்காட்சிச் சாலைக்குத்தான் போக வேண்டும். வயோமிங் மலைகளின் பனியாறுகளிலும் அது கிடக்கிறது. எப்போதோ மலையைத் தாண்டும்போது குளிரில் விறைத்து விழுந்த கூட்டங்கள் அவை. பனி உருக உருக, இறக்கையும் காலுமாக வெளியே வருகின்றன.